ஹேகன் சகோதரிகள் டயர் வாங்கியது

கன்றுக்குட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பி முடித்த மறுநாளே ஹேகன் சகோதரிகளுக்குள் டயர்ச் சண்டை தொடங்கிவிட்டது.

இத்தனை வருடம் அதற்கு இடமில்லாமல் இருந்தது. வீட்டில் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன. அக்கா ஆர்டித்தின் வண்டி ஊருக்கும் கடைக்கும் தேவாலயத்துக்கும் போகும். தங்கை நோலாவின் வண்டி மேய்ச்சல் நிலத்திலும் ஓடைக்கரைச் சேற்றிலும் உருளும். அவரவர் வண்டிக்கு அவரவர் டயர். ஆகஸ்ட் மாதம் வைக்கோல் கட்டுகளோடு மேடு ஏறும்போது நோலாவின் வண்டி ஒரு முறை இருமியது, பிறகு மூச்சு விடவே இல்லை. டயர்க்கடை டெல்மர் வந்து எஞ்சினைத் திறந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மிச்சமிருந்தது அக்காவின் வண்டி ஒன்றுதான். அதன் நான்கு டயரும் ஏறக்குறைய மொட்டை. மொன்டானாவில் நவம்பர் பிறந்த பிறகு மொட்டை டயரோடு வண்டியை வெளியே எடுப்பவனை யாரும் வீரன் என்று சொல்வதில்லை.

"சேத்து டயர்தான் போடணும்" என்றாள் நோலா, சாப்பாட்டு மேசையில். "ஓடையத் தாண்டி மாட்டுக்குத் தீனி கொண்டு போறது நான். மாட்டிக்கிட்டா இறங்கித் தள்றதும் நான்."

"அந்த டயரோட ஐஸ் ரோட்டுல பிரேக் போட்டுப் பாரு. நேரா கல்லறைத் தோட்டத்துல போய்த்தான் நிக்கும்" என்றாள் ஆர்டித். "பனிக்குன்னே செஞ்ச டயரு இருக்கு. அதுதான் வேணும்."

"வாரத்துக்கு ஒரு நாள் போர்வை தைக்கப் போற கூட்டத்துக்குப் பனி டயரா? ஊசியில நூல் கோக்கவா போட்டி?"

"நீ உருளக்கிழங்க எடுத்துப் போட்டுக்கோ. வாய்க்கு வேலை குடு."

ஆர்டித்துக்கு அறுபத்து மூன்று வயது, கணவர் லைல் இறந்து பதினோரு வருடம். நோலாவுக்கு ஐம்பத்தொன்பது, கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன பண்ணையை இருவருமாகத்தான் நடத்துகிறார்கள். நூற்று நாற்பது மாடுகள், ஒரு நாய், ஒரே சாப்பாட்டு மேசை. மூன்று வாரம் அந்த மேசையில் வேறு பேச்சே ஓடவில்லை. நோலா ஒரு விளம்பரத் தாளிலிருந்து சேற்று டயர் படத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். விரலளவு ஆழப் பள்ளங்களும் கட்டை கட்டையான ரப்பர்ப் பட்டன்களுமாகப் பார்க்கவே மிரட்டுகிற டயர். பக்கத்துப் பண்ணைக்காரன் கோய் ராட்கி போன வருடம் அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் வலம் வந்தான். மறுநாள் காலையில் பார்த்தால் படத்தின் மேல் வெங்காயத் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருந்தது. நோலா அதைக் கிழித்தாள். அதற்கடுத்த நாள் பூனை மருந்துச் சீட்டு. அவர்களிடம் பூனையே கிடையாது.

கடைசியில் டெல்மரிடமே போய்க் கேட்பது, அவர் சொன்னதை இருவரும் ஏற்பது என்று முடிவானது.

டெல்மரின் கடை டன்மோர் ஊர் முனையில், தானியக் கிடங்குக்கு எதிரில். டெல்மர் நோலாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். எட்டாம் வகுப்பில் அவர் தன் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டியதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் வேறு யாரிடமும் டயர் வாங்கியதில்லை.

"வாங்க, வாங்க. ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்கன்னா யாரோ செத்திருக்கணும், இல்லேன்னா டயரு தேஞ்சிருக்கணும்" என்றார் டெல்மர், இரண்டு கோப்பையில் காபியை ஊற்றியபடி.

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு உங்க சண்ட வேண்டாம். எங்க, எவ்வளவு ஓட்டுறீங்க, அத மட்டும் உண்மையா சொல்லுங்க. அதப் பொறுத்துத்தான் டயரு. நோலா, முதல்ல நீ."

"சேறு, கல்லு, மேடு. தினமும் மேல் வேலி வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

சொல்லும்போதே நோலாவுக்குக் காது சுட்டது. மேல் வேலிக்கு அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. வசந்த காலத்தில் ஒரு பசு முட்டித் தள்ளியதில் இடது முழங்கால் பிசகிவிட்டது. மேட்டில் இறங்கி ஏறி முள்கம்பி இழுத்துக் கட்டுவதெல்லாம் இனி ஆகாது என்று அவளுக்கே தெரியும். கோய் ராட்கியிடம் சொல்லி, அவன்தான் தன் வேலியைப் பார்க்கும்போது இவர்கள் வேலியையும் பார்த்து வருகிறான். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், இத்தனை பெரிய நிலம் நமக்கு இனி எதற்கு என்று அடுத்த வார்த்தை வந்துவிடுமோ என்ற பயம்தான்.

"ஆர்டித், நீங்க?"

"இங்க டன்மோருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ. பன்னெண்டு மைல். அவ்வளவுதான்."

டெல்மர் தலையாட்டிவிட்டு வண்டியை மேலே தூக்கி நிறுத்தினார். விளக்கைப் பிடித்து ஒவ்வொரு டயராகச் சுற்றிப் பார்த்தார். கையால் பக்கச் சுவரைத் தடவினார். அழுக்கான நோட்டு ஒன்றைப் புரட்டினார்.

"இதப் போட்டு ஒண்ணரை வருஷம் ஆகுது. அதுக்குள்ள இருபதாயிரம் மைல் ஓடியிருக்கு."

"ஆமா, வண்டின்னா ஓடத்தானே செய்யும்" என்றாள் ஆர்டித்.

"கல்லு கிழிச்ச தடமே இல்லையே, நோலா." அவர் நோலாவைப் பார்த்தார். அவள் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினாள். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து பட்டன் இடுக்கில் குத்தி எதையோ நெம்பினார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சிவப்புச் சரளை, பட்டாணி அளவில் நாலைந்து கல்.

டெல்மருக்கு வாய் ஒரு கணம் முந்திக்கொண்டது. "இது பெட்டிகோட் கணவாய்க்கு அந்தப் பக்கம் போடுற சரளையாச்சே. நம்ம பக்கம் கறுப்புதானே..." என்றவர், ஆர்டித்தின் முகம் அந்தக் கல்லைவிடச் சிவந்ததைப் பார்த்துவிட்டு, "டயருன்னா எங்கெங்கேயோ பொறுக்கிட்டு வரும்" என்று முடித்தார்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் வார்ம் ஃபோர்க் ஊர். இங்கிருந்து எழுபது மைல். அங்கே நோலாவுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான் உண்டு. நிலம் விற்றுத்தரும் தரகன். போன வருடம் ஏப்ரல் மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் பண்ணைக்கு நல்ல விலை கிடைக்கும், ஒரு முறை வந்து பேசுங்கள் என்று. அக்கா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். அப்போது நோலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தச் சிவப்புக் கல்லையே பார்த்தாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் போர்வை தைக்கப் போன அக்கா, இத்தனை மாதத்தில் ஒரு போர்வைகூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

டெல்மர் முன்னால் கேட்கிற விஷயமா அது?

டெல்மர் கல்லைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று பின்னறைக்குக் கூட்டிப்போனார். மான்கறி வைக்கும் பெரிய ஃப்ரீசரைத் திறந்து, பொட்டலங்களுக்கு நடுவிலிருந்து மூன்று டயர்த் துண்டுகளை எடுத்து மேசையில் போட்டார்.

"அய்யய்ய, கறியோடயா வைக்கிற?" என்றாள் ஆர்டித்.

"கறி ஒண்ணும் புகார் சொல்லல. கட்ட விரலால அழுத்திப் பாருங்க. இது நோலாவோட சேத்து டயரு."

நோலா அழுத்தினாள். நகம் வலித்தது. மரக்கட்டை போல இருந்தது.

"குளிருல இப்படித்தான் ஆயிரும். சேத்த வாரி எறியறதுல ராஜா. ஆனா ஐஸ்ல தொடுறதுக்கு ரப்பரும் கம்மி, தொடுற ரப்பரும் கல்லு. இப்ப இது ஆர்டித்தோட பனி டயரு."

அது அழுத்தியதும் மெத்தென்று உள்ளே போனது. ஆர்டித் தங்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"ரொம்பச் சிரிக்காதீங்க. பனி ரோட்டுல இது தங்கம்தான். ஆனா உங்க ஓடைக்கரையில ஒரு கூர்க்கல்லு பக்கத்துல கீறினா போச்சு. வெயில் வந்த பிறகும் கழட்டாம ஓட்டினா பென்சில் ரப்பர் மாதிரி கரைஞ்சிரும். ரெண்டு செட்டு வச்சு மாத்தி மாத்திப் போடுறதுன்னா நல்லதுதான். மாத்துவீங்களா?"

"யாரு, இவளா? நாள்காட்டியே மாத்த மாட்டா" என்றாள் ஆர்டித்.

"அப்ப மூணாவது. எல்லாத் தரைக்கும் ஓடுற வகை."

மூன்றாவது துண்டு ரொம்ப மெத்தென்றும் இல்லை, கட்டையாகவும் இல்லை. பட்டன்கள் கனமாக இருந்தன. ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் வளைந்து ஓடின.

"இந்தக் கீறல் இருக்கு பாருங்க, பனியில இதுதான் பிடிக்கும். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு விளிம்பு. அப்புறம் இதப் பாருங்க." பக்கச் சுவரில் சின்னதாக ஒரு முத்திரை. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். "இது இருந்தா உண்மையாவே பனியில ஓட்டிப் பாத்துத் தேறின டயருன்னு அர்த்தம். சில டயருல சேத்துக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணுன்னு ரெண்டு எழுத்த மட்டும் போட்டு வித்துருவான். அத நம்பாதீங்க. அந்த எழுத்த நான் என் தொப்பியிலகூட எழுதிக்கலாம்."

"அகலமா குடு" என்றாள் நோலா.

"ஒல்லியா குடுக்கிறேன்."

"ஒல்லியாவா? பாக்க சைக்கிள் மாதிரி இருக்காது?"

"அகல டயரு பனி மேல மிதக்கும், நோலா. ஒல்லி டயரு பனிய வெட்டிட்டு அடியில ரோட்டப் பிடிக்கும். உங்களுக்கு மிதக்கணுமா, போய்ச் சேரணுமா? பாரம் ஏத்துற வண்டி, அதனால உள்ளுக்குள்ள பத்து மடிப்பு வச்ச கனமான டயரா தர்றேன். சேத்துல திணறினா காத்தப் பாதி இறக்கிட்டு மெதுவா ஏறு. வெளிய வந்ததும் மறக்காம நிரப்பு. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சும் ஒரே மாதிரி வாங்கிக்கங்க. நாலு புதுசு, ஒண்ணு கிழடுன்னு வச்சா அந்தக் கிழடு என்னிக்கு வேணுமோ அன்னிக்குத்தான் காலை வாரும்."

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரச் சண்டை ஒரு கறி ஃப்ரீசருக்கு முன்னால் முடிந்துபோனதில் இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பி வரும்போது புது டயர்கள் லேசாக முனகின. ரப்பர் வாசனை உள்ளே வந்தது. பண்ணை வாசல் தெரிந்ததும் நோலா சொன்னாள்: "வியாழக்கிழமை நானும் வர்றேன்."

"எங்க?"

"நீ எங்க போறியோ அங்க. கணவாயில டயரு எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

ஆர்டித் வாசலுக்குள் வண்டியைத் திருப்பினாள். பிறகு, "சரி" என்றாள். "வரும்போது ஒரு பெரிய துண்டு எடுத்துக்கோ."

துண்டு எதற்கு என்று நோலாவுக்கு விளங்கவில்லை. கேட்க ரோஷம் விடவில்லை. தரகனைப் பார்க்கத் துண்டு எதற்கு? அழுதால் துடைத்துக்கொள்ளவா? அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை ஓடையில் வண்டியை இறக்கிப் பார்த்தாள். பாதி உறைந்த சேறு. நடுவில் சக்கரம் சுழன்று நின்றுவிட்டது. சேற்று டயராயிருந்தால், என்று பல்லைக் கடித்தவள், இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினாள். மறுபடி ஏறி மெதுவாக மிதித்தாள். வண்டி ஒரு முறை குலுங்கி, கிழப் பசு எழுந்திருப்பது போல நிதானமாக ஏறிக் கரையில் நின்றது. மறக்காமல் காற்றை நிரப்பினாள். டெல்மர் சொன்னது சரி என்பதில் அவளுக்கு மகிழ்ச்சி, சொன்னது சூயிங்கம் ஒட்டிய ஆள் என்பதில் கொஞ்சம் வருத்தம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஆர்டித் ஓட்டினாள். கணவாய் அடிவாரத்தில் பனிவாரும் வண்டி இன்னும் வரவில்லை. ரோட்டில் முழங்காலில் பாதி உயரப் பனி, தடமே இல்லை. நோலா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே கை தானாகத் தளர்ந்தது. டயர்கள் பனியை நறுக்கி உள்ளே இறங்கி, அடியில் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போயின. வளைவுகளில் வால் ஆடவில்லை. அதைவிட ஆச்சரியம் அக்கா. எந்த வளைவுக்கு எங்கே வேகம் குறைக்க வேண்டும், எந்த மேட்டில் மிதிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றும் தெரிந்து ஓட்டினாள். ஊருக்கு மட்டும் போய் வருகிறவள் ஓட்டுகிற ஓட்டு அல்ல அது.

உச்சியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பும்போது, ரோட்டோரப் பனிமேட்டில் ஒரு பிக்கப் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில். அதில் அகலமான, மிரட்டுகிற, கட்டைப் பட்டன் டயர். பக்கத்தில் தாடியெல்லாம் பனியோடு கோய் ராட்கி கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

ஆர்டித் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். "என்ன கோய், மலையோட பேசிட்டு இருக்கியா?"

"டயரு நல்ல டயருதான்" என்றான் அவன் உடனே. "ரோடுதான் சரியில்ல."

நோலா அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் அவளைப் பார்க்கவில்லை, அது அவளுடைய பெருந்தன்மை. இருவரும் இறங்கி இழுவைப் பட்டையை மாட்டினார்கள். ஆர்டித் நாலு சக்கர இழுவையைப் போட்டு மெல்ல வண்டியை முன்னால் நகர்த்தினாள். ஒல்லி டயர்கள் ஒரு விரல்கூட வழுக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் கோயின் வண்டி பனிமேட்டைவிட்டுப் பொதக்கென்று ரோட்டில் விழுந்தது.

"நன்றி, ஆர்டித். உங்களுக்கு ஒரு உதவி கடன் பட்டுட்டேன்" என்று சிரித்தவன், நோலாவிடம் திரும்பினான். "இல்ல, கணக்கு சரியாப் போச்சு. நோலா, நேத்து உங்க மேல் வேலிய முழுக்கப் பாத்துட்டேன். வடக்கு மூலையில ரெண்டு கம்பம் சாஞ்சிருந்துச்சு, நிமித்திட்டேன். நீ இந்தப் பனியில அங்க ஏற வேண்டாம். முட்டி இப்ப எப்படி இருக்கு?"

நோலா அவனை முறைத்த முறைப்பில் அவன் தாடியிலிருந்த பனி உருகியிருக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்றாள் பல்லிடுக்கில்.

வண்டி மறுபடி கிளம்பியது. ஆர்டித்தின் தோள்கள் குலுங்குவதை நோலா ஓரக்கண்ணால் பார்த்தாள். அழுகிறாளோ என்று திரும்பினால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் மேல் வேலி வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று தங்கையின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "டெல்மர் முகத்தப் பாத்தே அப்படி ஒரு புளுகு!"

"நீ மட்டும்? போர்வை எங்கடி... எங்க போர்வை? ஒண்ணரை வருஷமா தைக்கிறியே, ஊரையே மூடுற மாதிரியா தைக்கிற?" நோலாவின் குரல் உடைந்தது. "நிலத்த விக்கப் போறியா? அந்தத் தரகன்கிட்டயா போற? நேரா சொல்லிடு அக்கா."

ஆர்டித்தின் சிரிப்பு நின்றது. அவள் வண்டியை ஓரமாக, கவனமாக நிறுத்தினாள். இந்தப் பக்கத்துப் பனிவாரும் வண்டி தூவிய சிவப்புச் சரளை பனிக்கு மேல் அங்கங்கே தெரிந்தது.

"தரகனா? அந்தக் கடிதாசிய அன்னிக்கே அடுப்புல போட்டேன். ஏண்டி, இத மனசுல வச்சுக்கிட்டா நாலு நாளாச் சாப்பிடாம இருந்தே? நான் நெனச்சேன், சேத்து டயரு கிடைக்கலன்னு."

"அப்ப எங்கதான் போற?"

"நீச்சல் கத்துக்க."

நோலா திரும்பி அவளைப் பார்த்தாள். ஆர்டித் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினாள்.

"வெந்நீர்க் குளம் இருக்கே வார்ம் ஃபோர்க்ல. வியாழக்கிழமை பெரியவங்களுக்குக் கத்துத் தர்றாங்க. முதல் ஆறு மாசம் படிய விட்டு இறங்கவே இல்ல. நீ கேட்டா சிரிப்பே. அதான் சொல்லல."

"இந்த வயசுலயா? எதுக்கு?"

"உனக்கு ஒம்பது வயசு. பாசனக் குளத்துல விழுந்தே. ஞாபகம் இருக்கா?"

"ஏதோ கொஞ்சம். ஆர்னி சித்தப்பா தூக்கினாரு."

"அவரு வைக்கோல் போர்லேருந்து ஓடி வர்ற வரைக்கும் நான் கரையில நின்னேன். பதிமூணு வயசு. உன் கை மேல வந்து வந்து போகுது, என் காலு நகரல. கத்தக்கூட வரல." அவள் கையுறையால் மூக்கைத் துடைத்தாள். "யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. நீயும் மறுநாளே மறந்துட்டே. நான்தான் மறக்கல. லைல் போன பிறகு ஒரு நாள் தோணுச்சு, இத ஏன் சாகிற வரைக்கும் தூக்கிட்டுத் திரியணும்னு."

பனி கண்ணாடியில் விழுந்து கொண்டிருந்தது. துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது. நோலா ஏதாவது சொல்ல நினைத்தாள். அவர்கள் வீட்டில் அந்த மாதிரி வார்த்தைகளுக்குப் பழக்கமில்லை. கையை நீட்டி அக்காவின் தொப்பியை நேராக்கி விட்டாள், அது நேராகத்தான் இருந்தது என்றாலும்.

"கிளம்பு. வகுப்புக்கு நேரமாகலையா?" என்றாள்.

வெந்நீர்க் குளம் திறந்தவெளியில் இருந்தது. தண்ணீரிலிருந்து ஆவி மேலே போக, வானத்திலிருந்து பனி கீழே வந்துகொண்டிருந்தது. முட்டை அவித்தது போல ஒரு வாடை. வியாழக்கிழமைகளில் அக்காவிடம் வீசிய வாடை இதுதானா என்று நோலா நினைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவள் அதைக் கோழிக்கூண்டு என்று நினைத்திருந்தாள். ஏழெட்டுப் பேர் தலைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு கழுத்தளவு நீரில் நின்றார்கள். கற்றுத்தரும் யோலண்டாவுக்கு முப்பது வயதிருக்கும்.

"ஆர்டித், இந்தப் பனியில வருவீங்கன்னு நினைக்கல!" என்றாள் அவள். "இவங்க யாரு?"

"என் தங்கச்சி. டயரு பரிசோதிக்க வந்திருக்கா."

நோலா பேண்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். சூடு பிசகிய முழங்காலுக்குள் ஊறி இறங்கியது. ஏழு மாதமாக அங்கே முடிச்சுப் போட்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது போல இருந்தது. அவள் அறியாமலே "ஆ" என்றாள்.

ஆர்டித் ஆழமான முனைக்குப் போனாள். சுவரைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு விட்டாள். அழகான நீச்சல் ஒன்றும் இல்லை. தலை விறைப்பாகத் தூக்கியிருந்தது, கைகள் மாவு பிசைவது போல முன்னால் அளைந்தன, வாய் ஒவ்வொரு கைவீச்சையும் எண்ணிக்கொண்டு வந்தது. நடுக்குளத்தில் ஒரு கணம் மூக்குவரை அமிழ்ந்தாள். நோலா பாதி எழுந்துவிட்டாள். ஆனால் ஆர்டித் இருமிக்கொண்டே மேலே வந்து, மறுபடி பிசைந்து பிசைந்து, இந்தக் கரைக்கு வந்து தங்கையின் காலடியில் சுவரைப் பிடித்தாள். குல்லாய்க்காரர்கள் கை தட்டினார்கள்.

"எப்படி?" என்றாள் மூச்சு வாங்க.

"தண்ணியில விழுந்த கோழி மாதிரி இருந்துச்சு" என்றாள் நோலா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நல்லவேளை, ஆவியும் பனியுமாக எல்லாருடைய முகமும் ஈரம்தான். "ஆனா வந்து சேந்துட்டே."

"இறங்கு. இங்கயே வாடகைக்கு நீச்சலுடை தர்றாங்க."

"எனக்கா? அதெல்லாம்..."

"துண்டு எதுக்கு எடுத்துட்டு வரச் சொன்னேன்னு நெனச்ச?"

வாடகை நீச்சலுடை இரண்டு நோலாக்களுக்குப் போதுமானதாக இருந்தது. தோளில் யோலண்டா ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஆழமில்லாத பக்கத்தில் அக்காவின் இரண்டு முன்கைகளையும் பிடித்துக்கொண்டு நோலா படியைவிட்டு இறங்கினாள். தண்ணீர் மார்புக்கு வந்தபோது பிடி இறுகியது.

"நான் பிடிச்சிருக்கேன்" என்றாள் ஆர்டித். "கால விடு."

நோலா காலை விட்டாள்.

அன்று மாடுகளுக்குத் தீனி ஒன்றரை மணி நேரம் தாமதம். சகோதரிகள் திரும்பியபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கப்போகிற நேரம். நூற்று நாற்பதும் வாசல் வேலியில் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தன. நோலா வண்டியை ஓடை வழியாக உள்ளே ஓட்டினாள். ஆர்டித் பின்னால் நின்று, குல்லாய்க்கு வெளியே விறைத்து நீட்டிக்கொண்டிருந்த ஈரமுடியோடு, வைக்கோலைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். மாடுகள் கத்துவதை நிறுத்திவிட்டுத் தின்னத் தொடங்கின.

"வேகமா போடு, பசியில உயிர் போகுது!" என்று நோலா கண்ணாடி வழியே கத்தினாள்.

"நீ நேரா ஓட்டு முதல்ல!" என்றாள் ஆர்டித், வைக்கோல் கட்டின் மேல் காலை ஊன்றிக்கொண்டு.